பின்கட்டுக் குளியலறையில் காளான்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு குளியலறை சும்மா கிடந்தது. ஐந்துக்கு ஆறடி. அப்பா இருந்தவரை அவர் மட்டும் புழங்கிய இடம். அவருக்குப் பிறகு உடைந்த வாளி, காய்ந்த பெயின்ட் டப்பா, தேய்ந்த துடைப்பம் எல்லாம் போய்ச் சேரும் மூலையாகிவிட்டது. மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டர், தரையில் தண்ணீர் போக ஒரு துளை, வடக்குப் பார்த்த சுவர். திருச்சியில் வெயில் ஏறாத சுவர் என்றால் அது ஒரு சொத்து. அந்தச் சொத்தை வீணாக்கக் கூடாது என்றுதான் போன வருஷம் கார்த்திகையில் அங்கே ஆறு பை சிப்பிக் காளான் போட்டேன். நாலு பை பச்சை பூத்துக் குழிக்குப் போனது.

அதற்குப் பிறகு ஜூன் வரை இன்னும் நாலு சுற்று போட்டாயிற்று. இப்போது மறுபடி ஐப்பசி. அடுத்த சுற்றுக்கு வைக்கோல் வந்து இறங்கியிருக்கிறது. அதைப் பையில் அடைப்பதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

அம்மாவுக்குக் காளான் என்றால் புற்றுக் காளான்தான். ராத்திரி இடி இடித்தால் மறுநாள் விடியுமுன் வரப்போரப் புற்றுகளைத் தேடிப் போய் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்த காலத்து ஆள். பையில் வளர்க்கப் போகிறேன் என்றதும், "அது என்னடா சேர்த்தி? காளான் தானா வரணும், நாம வரவழைக்கக் கூடாது" என்றாள். இடிக்குப் பதில் என்னிடம் இருந்தது ஒரு அண்டாவும் விறகடுப்பும்.

ஏன் சிப்பிக் காளான் என்று கேட்டால், வேறு வழியில்லை. மொட்டுக் காளானுக்கு, அதாவது கடையில் பட்டன் மஷ்ரூம் என்று விற்பதற்கு, பதினைந்து, பதினெட்டு டிகிரி குளிர்ச்சி வேண்டும், புளிக்க வைத்த உரம் வேண்டும். ஊட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சிப்பிக் காளான் அப்படியில்லை. வைக்கோலில் இருக்கும் மரத்தன்மையான பாகத்தையே கரைத்துத் தின்னும். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் 1962-லேயே இதை நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வெள்ளை ரகமான புளோரிடா, ஆய்வாளர்கள் பி.எஃப். என்று சுருக்கிச் சொல்வது, இருபத்தைந்து டிகிரி சுற்றி இருந்தால் குஷியாக வரும். திருச்சியில் அந்தச் சூடு கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு வேறு காளான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஒருநாள் காளான் பயிற்சிக்கும் போய் வந்திருந்தேன். நோட்டில் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அதில் ஒரு வரி: "கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும்." அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். எழுதும்போது புரிந்த மாதிரிதான் இருந்தது.

முதல் சுற்றுக்கு வைக்கோல் கடையில் வாங்கியது. இயந்திரம் அறுத்து, இயந்திரமே சுருட்டிக் கட்டிய ரோல். ஆறு கிலோ எடுத்து அரிவாள்மனையில் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கினேன். பழைய டிரம்மில் ஐந்து மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. அதை வடித்துக் கொட்டிவிட்டு, வைக்கோலைச் சாக்கில் கட்டி அண்டாவில் மூழ்க வைத்து, மேலே செங்கல் வைத்து, கொதி வந்ததிலிருந்து ஒரு மணி நேரம். ஒரு அண்டாவுக்கு இரண்டு கிலோதான் பிடிக்கும். ஆக மூன்று ஈடு.

கொதிக்க வைப்பது எதற்கென்றால், வைக்கோலில் ஏற்கெனவே ஊர்ப்பட்ட பூசணமும் பாக்டீரியாவும் குடியிருக்கும். நாம் போடும் காளான் வித்து மெதுவாக நடக்கிற ஆள். போட்டிக்காரர்களைக் கொஞ்ச நாளைக்காவது ஒதுக்கிவைத்தால்தான் அது இடம் பிடிக்கும். அடுப்பில்லாமல் குளிர்ந்த தண்ணீரில் மருந்து கலந்து செய்கிற முறையும் உண்டு. 100 லிட்டருக்கு 125 மில்லி பார்மலின், 7.5 கிராம் கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லி, ராத்திரி முழுக்க ஊறல். பெரிய பண்ணைகளுக்கு அது வசதி. நான் பேரப்பிள்ளைகள் ஓடியாடும் கொல்லையில் பார்மலின் வாளியை வைக்கத் தயாராயில்லை.

வெந்த வைக்கோலைப் பின்வாசல் நிழலில் கழுவிய தார்ப்பாயில் பரப்பினேன். மூடாப்பாக இருந்த நாள், காற்றிலேயே தண்ணீர் இருந்தது. மூன்றாவது ஈடு இறங்கும்போது மணி ஐந்து. மேலாகத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரி இருந்தது. பிழிந்தும் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. "ஒரு சொட்டுதானே" என்று பையை எடுத்துவிட்டேன்.

பை கட்டுவது ருசியான வேலை. ஓரடி அகலம், இரண்டடி நீளப் பாலித்தீன் பை. அடியைச் சணலால் கட்டி உள்வெளியாகத் திருப்பினால் அடிப்பக்கம் வட்டமாக உட்காரும். நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை, சுண்டுவிரல் பருமன். நாலு விரற்கடை உயரம் வைக்கோல் போட்டு அழுத்தி, ஓரமாகச் சுற்றி ஒரு பிடி வித்து. மறுபடி வைக்கோல், மறுபடி வித்து. இப்படி ஐந்து அடுக்கு. வித்து என்பது அரைவேக்காட்டுச் சோளம், அதன்மேல் பஞ்சு போர்த்தியதுபோல் பூஞ்சை இழை படர்ந்திருக்கும். 300 கிராம் பொட்டலம் இரண்டு பைக்குச் சரியாக வரும். வாங்கும்போது பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும், அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பிரித்தால் மழைக்குப் பின் காட்டு மண்ணில் வரும் வாசம் வரும். புளித்த மாவு வாசம் வந்தால் காசு போச்சு.

கையை டெட்டாலில் கழுவி, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, சாஸ்திரம் தவறாமல் ஆறு பையும் கட்டினேன். மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டேன். அந்த எண்தான் பின்னால் கை கொடுத்தது.

ஆறாம் நாள் சோளத்தைச் சுற்றி வெள்ளை நட்சத்திரம் மாதிரி இழை விரிந்தது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பதாம் நாள் மூன்று முதல் ஆறு வரை, பையின் அடியில் மஞ்சளாகத் தண்ணீர். பதினோராம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் புளிப்பு ஏறியது. நாலு பையிலும் பாசிப்பயறு மாவைத் தூவிய மாதிரி பச்சை. டிரைக்கோடெர்மா. வயலில் வேரழுகலுக்கு மருந்தாகக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிற அதே பூசணம், காளான் பைக்குள் வந்தால் எமன்.

யார்மேல் பழி போடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். வித்து கொடுத்தவர், கிணற்றுத் தண்ணீர், நடுவில் எட்டிப் பார்த்த பேரன். எதுவும் ஒட்டவில்லை. ஆறு பைக்கும் அதே வித்து, அதே கை, அதே நாள். ஒன்றும் இரண்டும் மட்டும் ஏன் பால் மாதிரி வெளுத்துக்கொண்டு வருகின்றன?

எண்ணைப் பார்த்ததும் பிடிபட்டது. ஒன்றும் இரண்டும் முதல் ஈட்டு வைக்கோல். மற்ற இரண்டு ஈடு வெந்து முடியும்வரை அது தார்ப்பாயில் மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறது. கடைசி ஈடு அரைமணிகூடக் கிடக்கவில்லை. பழைய பேப்பர் போடும்போது எடை பார்க்க வைத்திருந்த கொக்கித் தராசை எடுத்து மாட்டினேன். முதல் பை 2 கிலோ 750. ஐந்தாம் பை 3 கிலோ 700.

இந்தக் கணக்கை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் போட்டதிலேயே உருப்படியான கணக்கு இதுதான். ஒவ்வொரு பைக்கும் நான் எடுத்தது உலர்ந்த வைக்கோல் ஒரு கிலோ. நன்றாகக் காய்ந்த வைக்கோலிலும் பத்து சதவீதம் போல ஈரம் இருக்கும். ஆக உண்மையான சரக்கு 900 கிராம். வித்து 150 கிராமைக் கழித்தால் முதல் பையில் ஈர வைக்கோல் 2,600 கிராம். அதில் தண்ணீர் 1,700. அதாவது 65 சதவீதம், பயிற்சியில் சொன்ன அளவு அப்படியே. ஐந்தாம் பையில் 3,550, தண்ணீர் 2,650. எழுபத்தைந்து சதவீதம். கேட்கப் பத்து சதவீத வித்தியாசம்தான். ஆனால் ஒரே பைக்குள் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதல். வைக்கோல் துண்டுகளுக்கு நடுவில் காற்று நிற்க வேண்டிய இடமெல்லாம் அந்த ஒரு லிட்டர்தான் நின்றிருக்கிறது. காளான் இழைக்கு மூச்சுக் காற்று வேண்டும். மூச்சு முட்டி அது மெலிந்துபோன இடத்தில் மற்றவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கெட்டுப்போன பைகளை அறைக்குள் பிரிக்கக் கூடாது. அந்தப் பச்சை முழுக்கப் பூசணத்தின் வித்துத்தூள், ஒருமுறை பறந்தால் சுவரெல்லாம் குடியேறும். கட்டியபடியே தூக்கிப் போய்க் கொல்லைக் கோடியில் குழி வெட்டி, அங்கே வைத்துப் பையைக் கிழித்து உருவிக்கொண்டு மண் தள்ளினேன். அறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி ஒருவாரம் திறந்துபோட்டேன்.

இரண்டாம் சுற்று மார்கழி. இந்தமுறை வைக்கோல் எங்களுக்குப் பால் ஊற்றும் அக்கா வீட்டுப் போரிலிருந்து. ஆள் வைத்து அறுத்து, கையால் அடித்த வைக்கோல். இயந்திரத்தில் போய் வந்தது நசுங்கிச் சிதைந்திருக்கும், பஞ்சுபோல் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. கையால் அடித்ததில் தாள் குழல் குழலாக நிற்கும், வடியும். அக்கா கட்டை இறக்கிவிட்டு அண்டாவைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மாடு பச்சையாவே திங்குது. உங்க காளானுக்கு வேக வச்சுத்தான் போடணுமா?"

"பத்தியச் சாப்பாடு அக்கா அதுக்கு."

"அப்ப மாடே தேவலை" என்று போய்விட்டார்.

ஒவ்வொரு ஈட்டையும் தனித்தனியாகத் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ காய்ந்த வைக்கோல் வெந்து வடிந்ததும் 8 கிலோ நின்றது. அது 5 கிலோ 200-க்கு இறங்கும்வரை நிழலில் கிளறிக் கிளறிவிட்டேன். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. அந்த எடையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். அப்போதுதான் என் உள்ளங்கைக்கு அந்த அடிக்கோட்டு வரி புரிந்தது. சொட்டு விழாது. கையை விரித்தால் ரேகைகளில் மட்டும் மினுமினுவென்று ஈரம் நிற்கும். வைக்கோலும் உருண்டையாக நிற்காமல் மெல்லப் பிரிந்துகொள்ளும். முதல் சுற்றில் என் கைக்குத் தெரிந்தது பாதிதான்.

ஆறு பையும் பதினேழு நாளில் முழு வெள்ளை. அறை 24-க்கும் 27-க்கும் நடுவில் நின்றது, கதவைச் சாத்தி இருட்டாகவே வைத்திருந்தேன். பைகளை நைலான் கயிற்றில் உறி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். வெண்ணெய்ப் பானை தொங்கிய உறியில் இப்போது வைக்கோல் பை. அம்மாவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

பயிற்சியில் பாலித்தீனை முழுக்க உரித்துவிடச் சொன்னார்கள். ஈரம் நிற்கும் ஓலைக் குடிலுக்கு அது சரி. என் குளியலறைக் காற்றுக்கு அது ஒத்துவராது என்று பட்டது. பிளேடால் இரண்டு அங்குலக் கீறல் மட்டும், பைக்கு எட்டு இடத்தில். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன், வருத்தப்படவில்லை.

நாலாம் நாள் கீறல்களில் கடுகளவு மொட்டுகள். சந்தோஷமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் காளான் இல்லை, ஏதோ நத்தை கொம்பு நீட்டுகிற மாதிரி இருந்தது. விரல் நீளத்துக்குக் காம்பு, நுனியில் சட்டைப் பொத்தானளவு குடை. காளானும் நம்மைப்போல ஆக்ஸிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிற உயிர். மூடிய அறையில் அதன் மூச்சே அதற்குத் திரும்ப வந்தால், காற்றைத் தேடிக் காம்பை நீட்டும், குடையை விரிக்காது. இழை ஓடும் பதினேழு நாளும் மூடி வைத்தது நல்லது, மொட்டு வந்தபிறகும் மூடி வைத்ததுதான் தப்பு. வெளிச்சமும் இல்லை. பேப்பர் படிக்க முடிகிற அளவு வெளிச்சம் போதும், ஆனால் அந்த அளவாவது வேண்டும்.

வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றிக் கொசுவலை அடித்தேன். கதவுக்கும் ஒரு வலைச் சட்டம். காற்று வந்தது. வந்த காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்து வந்த மொட்டுகள் கருகிய கடுகாகிவிட்டன. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் 62 என்றது. எண்பதுக்கு மேல் வேண்டும்.

அதனால் தரையில் இரண்டு அங்குலம் ஆற்று மணல் கொட்டி நனைத்தேன். மூன்று பக்கச் சுவரிலும் சணல் சாக்கு தொங்கவிட்டு, காலை, மதியம், மாலை என்று தண்ணீர் தெளித்தேன். மீட்டர் 84-க்கு ஏறியது. ஆனால் ஆர்வக் கோளாறில் செடிக்கு அடிக்கும் பாட்டிலால் காளான்மேலேயே நேராக அடித்ததில், இரண்டு கொத்தில் குடை மஞ்சளித்துப் பிசுபிசுத்தது. நீர் குடைமேல் தேங்கி நின்றால் பாக்டீரியா வந்துவிடும். தண்ணீர் சுவருக்கும் சாக்குக்கும் மணலுக்கும்தான். காளானுக்குப் பனிபோல் படிவது போதும்.

அந்தச் சுற்றில் ஒரு பையின் கணக்கை முழுக்க எழுதி வைத்தேன். முதல் அறுப்பு 340 கிராம், ஒன்பது நாள் கழித்து 210, அதற்கும் பத்து நாள் கழித்து 110. ஒரு கிலோ வைக்கோலுக்கு 660 கிராம். நன்றாக வந்தால் வைக்கோல் எடைக்குச் சமமாகவே எடுக்கலாம் என்பார்கள். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

பறிப்பதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. கத்தி வேண்டாம். கொத்தின் அடியைப் பிடித்து ஒரு திருகு, அப்படியே கழன்று வரும். அடிக்கட்டை தங்கினால் அங்கேதான் அழுகல் ஆரம்பிக்கும். குடையின் ஓரம் இன்னும் கீழ்நோக்கி மடங்கியிருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் நிமிர்ந்து அலை அலையாகிவிட்டால் அது வித்துத்தூள் விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் சாக்கு, மணல், மீட்டர் எல்லாவற்றின் மேலும் கோலமாவு தூவியதுபோல் வெள்ளைத் தூள். மூக்கில் ஒரு துண்டைக்கூடக் கட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்ப் பெருக்கினேன். இரண்டு நாள் இருமல், லேசான காய்ச்சல். காளான் பண்ணையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தூளால் நுரையீரல் ஒவ்வாமை வருவது தெரிந்த விஷயம்தான். இப்போது கதவோரமே ஒரு முகக்கவசம் ஆணியில் தொங்குகிறது.

சமையல் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். தண்ணீரில் ஊறவிடாமல் ஒரு அலசு, கையால் நீளவாக்கில் கிழித்து, சின்ன வெங்காயம் நிறைய, தட்டிய மிளகு, கறிவேப்பிலை, இரும்புச் சட்டி. தானாக விடும் தண்ணீர் சுண்டும்வரை மூடக் கூடாது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். "புத்துக் காளான் இல்ல. ஆனா மோசமில்ல" என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டுப் பத்திரம்.

மூன்றாம் சுற்று பழுதில்லாமல் போனது. சொல்ல ஒன்றுமில்லை. நாலாவதில், மாசிக் கடைசியில், குட்டிக் கறுப்பு ஈ வந்தது. பழ ஈயைவிடச் சின்னது. ஈயால் பெரிய கெடுதி இல்லை, அது வைக்கோலில் இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் இழையைத் தின்று காம்பைத் துளைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வெண்டிலேட்டர் ஓரம் மாட்டினேன், கண் பெரிதான வலையை மாற்றி நெருக்கமான வலை அடித்தேன். மருந்து அடிக்கவில்லை. ஒரு வாரத்தில் சாப்பிடப்போகிற பொருள்மேல் எதை அடிப்பது?

பங்குனி பிறந்ததும் அறை 31-ஐத் தொட்டது. புளோரிடாவுக்கு அது தாங்காது, பையில் இழை ஓட்டம் மந்தமாகிவிட்டது. அங்கேதான் பால் காளான். நம்ம நாட்டுச் சரக்கு. மேற்கு வங்கத்தில் காட்டில் வளர்ந்ததை 1974-ல் புருகாயஸ்தாவும் சந்திராவும் புது இனம் என்று பதிவு செய்தார்கள். கலோசைபி இண்டிகா என்று பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அந்த இனத்தில் நம் வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் விட்ட ரகம் ஏ.பி.கே.-2. முப்பதிலிருந்து முப்பத்தைந்து டிகிரி வரை அதற்கு இதமான சூடு. திருச்சிக்கென்றே செய்த மாதிரி.

வைக்கோல் வேலை எல்லாம் அதே, எடையும் அதே. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். பை முழுக்க வெளுத்ததும் உருளையைக் குறுக்கே இரண்டாக அறுக்க வேண்டும். பழைய ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைத்து அறுத்தேன். உள்ளே வைக்கோல் தனித்தனியாக இல்லை, கேக் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. அந்த வெட்டுவாயின்மேல் விரல் கனத்துக்கு மண் போர்த்த வேண்டும். தோட்டத்து மண்ணைச் சலித்து, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, நனைத்து, இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவி கட்டினேன். அந்த இட்லிப் பானை அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை. மனைவி திரும்ப விடவில்லை.

பால் காளானுக்குக் குளியலறை வெளிச்சம் போதாது. குளியலறைக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே நாலடிச் சந்து இருக்கிறது. அங்கே மணல் பரப்பி, மேலே நீலத் தார்ப்பாயைக் கூண்டு மாதிரி வளைத்துக் கட்டினேன். சித்திரை வெயிலில் வெளியே 39, உள்ளே நனைந்த மணலோடு 34. எட்டு அரைப்பை வைத்தேன்.

இங்கேயும் தண்ணீரில்தான் சறுக்கினேன். வெயில் பயத்தில் முதல் நாலு அரைப்பைக்கு வேளாவேளைக்கு மண்மேல் ஊற்றியதில், மேல்மண் சேறாகி, காய்ந்து, ஏடு கட்டிவிட்டது. கீழே இழை மூச்சுவிட முடியாமல் கிடந்தது. மற்ற நாலையும் தெளிப்பானால் மட்டும் நனைத்திருந்தேன். மண் புட்டு மாதிரி உதிரியாக நின்றது. பன்னிரண்டாம் நாள் அந்த நாலில் மட்டும் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் குண்டூசித் தலைகள் வந்தன. ஏடு கட்டியதை முள்கரண்டியால் மெல்லக் கீறிவிட்டேன். இரண்டு பிழைத்தது, இரண்டு அழுகியது.

பிழைத்ததில் வந்த காளானைப் பார்த்து அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தபடி நின்றாள். உள்ளங்கைப் பருமனில் காம்பு, மேலே தடித்த குடை, முட்டை ஓடு மாதிரி வெள்ளை. பெரியது ஒன்று மட்டும் 190 கிராம். பறித்து வெளியில் வைத்தாலும் மூன்று நாள் வாடாமல் இருந்தது. சிப்பிக் காளான் மறுநாளே துவண்டுவிடும். கடித்தால் கறி மாதிரி நார் நாராகப் பிரிகிறது. எனக்குச் சுவையில் சிப்பிதான் ஒரு படி மேல். வீட்டில் மற்ற எல்லாரும் பால் காளான் கட்சி.

சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மாசம் எவ்வளவு நிக்கும்?" வீட்டிலிருந்தே லட்சம் சம்பாதிக்கலாம் என்கிற வீடியோக்கள் செய்த வேலை. எனக்கு நின்றது விறகு, வித்து, பை, தராசு, மீட்டர் எல்லாம் போக, கடையில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. விற்க நினைத்தால் நாள் தவறாமல் அறுப்பு வருகிற மாதிரி பை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அன்றைக்கே விற்றாக வேண்டும். கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக முடியாது. முடிந்துபோன பை வைக்கோலைக் குழியில் மக்க வைத்துக் கத்தரிக்குப் போட்டேன். அந்தக் கத்தரி காய்த்த கணக்கை யாரும் கேட்பதில்லை.

நாலு நாளைக்கு முன் அக்கா புது வைக்கோல் கொண்டுவந்தார். குறுவை அறுப்பு மழையில் மாட்டியது, கட்டைத் தொட்டாலே சில்லென்றிருந்தது. இரண்டு நாள் வெயிலில் காட்டி எடுத்து, நேற்று நறுக்கி ஊறவைத்து, இன்று காலை முதல் ஈடு இறக்கிப் பரப்பினேன். பதினொரு மணிக்குப் பால் பாத்திரம் வாங்க வந்த அக்கா, நான் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தம்பி?"

"அஞ்சே முக்கால்."

"எவ்வளவு இருக்கணும்?"

"அஞ்சு இருநூறு."

அக்கா குனிந்து ஒரு பிடி அள்ளினார். பிழிந்தார். கையை விரித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை எடுத்தார்.